நான்கு கரண்டி மீனெண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தின் சமையலறை வாசலில் இங்குன் வந்து நின்றபோது, அவள் கால்களில் இருந்த பூட்ஸ் இரண்டும் வேறு வேறாக இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊர் மருத்துவமனையில் எந்த அவசரத்திலும் கை நடுங்காத நர்ஸ் என்று பெயரெடுத்தவள் அவள்.

தூரிட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருடமாக இந்த ஊர் வீடுகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்வதும், தீப்பாதுகாப்பைச் சோதிப்பதும் அவர் வேலை. எதிரே இருந்த ஓட்வார் ஓய்வுபெற்ற தபால்காரர். தீயணைப்புக்கு உதவும் தொண்டர்களில் ஒருவர். ஈஸ்டர் வந்தால் நார்வேக்காரர்கள் துப்பறியும் நாவலும் ஆரஞ்சுப் பழமுமாக மலைக்குக் கிளம்புவார்கள். ஓட்வார் ஊரைவிட்டு நகராமலே இந்த வாரத்தில் ஏழு நாவல் முடித்திருந்தார்.

"உக்காரு இங்குன்," என்றார் தூரிட்.

அவள் உட்காரவில்லை. "நாளைக்கு மத்தியானம் ஹால்வார் இன்ஷூரன்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறார். எங்க வீட்டைக் கொளுத்தினது ஐலர்ட்தான்னு."

ஹால்வார் அவள் கணவன். ஓட்வாரின் நாற்காலி கிறீச்சிட்டது. "சொந்த அண்ணன் மேலயா?"

ஐலர்ட்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வருடம் படகுகளுக்குச் சாயமும் எண்ணெயும் பூசியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடம் முன்பு மூளையில் இரத்தம் அடைத்து, வலது கையும் வலது காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஏதோ சில வார்த்தைகள் மிஞ்சின. அவையும் இடம் மாறி வந்தன. அன்றிலிருந்து தம்பி வீட்டுக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலிதான் அவர் உலகம்.

"சனிக்கிழமை நடந்ததை அப்படியே சொல்லு," என்றார் தூரிட். "நீ என்ன நினைக்கிறேங்கிறது அப்புறம்."

இங்குன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மணி இருக்கும். நான் சமையலறையில இருந்தேன். ஹால்வார் வெளிய விறகு அடுக்கிட்டிருந்தார். பொண்ணு சிக்னே மாடியில அவ ரூம்ல. திடீர்னு வீடு முழுக்க அலாரம். ஒண்ணு கத்தினா அஞ்சும் கத்தற மாதிரி மாட்டியிருக்கோம். எங்க வீட்ல அலாரம் கத்தினா யாரும் நின்னு என்ன ஏதுன்னு பாக்கக்கூடாது. கதவைச் சாத்திட்டு, பூட்ஸைப் போட்டுட்டு, தபால்பெட்டிகிட்ட போய் நிக்கணும். நான் போட்ட சட்டம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பழக்குவேன். எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க, ஆனா செய்வாங்க. மாடிக்கு ஓடி சிக்னேயை இழுத்துட்டு வந்தேன். பூனையைக் கூடையில போட்டேன். பாஸ்போர்ட் பை கதவுகிட்டயே தொங்கும், அதையும் எடுத்தேன்."

"ஐலர்ட்?"

"அவரைத் தூக்கிட்டு வரணும்னு திரும்பினா, ஏற்கெனவே வாசப்படியில நிக்கறார். எப்படி நடந்து வந்தார்னே தெரியல."

"அப்போ புகை இருந்துச்சா?"

"இல்ல. சத்தியமா இல்ல. நான் மாடிப்படியில ஏறி இறங்கியிருக்கேன், ஒண்ணுமே இல்ல. அலாரமும் நின்னுபோச்சு. அஞ்சு நிமிஷம் குளிர்ல நின்னோம். ஹால்வார், 'போதும் இந்தக் கூத்து'ன்னு உள்ள போகப் போனார். ஐலர்ட் கைத்தடியைத் தூக்கி அவரை அடிச்சார். ஓங்கி, ரெண்டு தடவை. ஹால்வார் பனியில விழுந்துட்டார். அவர் எழுந்திருக்கறதுக்குள்ள... கண்ணாடி அறை மொத்தமும் வெடிச்சு வெளிய வந்துச்சு. நான் சிக்னேயை இழுத்துட்டு வந்த படிக்கட்டு, ரெண்டு நிமிஷத்துல இல்ல."

மீதியையும் இங்குன் சொன்னாள்.

இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தாராம். நெருப்பு தொடங்கியது கண்ணாடி அறையில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த மரஅலமாரிக்குள். அதற்குள் மின்கம்பி கிடையாது. "நெருப்புக்கு முன்னாடியே குடும்பம் முழுக்க பூட்ஸ் போட்டு, பாஸ்போர்ட்டோட, பூனையோட வெளிய நிக்குது. இவ்வளவு தயாரா யாரும் இருக்க மாட்டாங்கம்மா," என்றாராம். ஒன்று இவர்கள் வைத்திருக்க வேண்டும், இல்லை ஐலர்ட். ஐலர்ட் உட்காரும் இடம் அலமாரியிலிருந்து மூன்றடி. அன்று மத்தியானம் முழுக்க அவர் அந்த அலமாரிக் கதவைத் தடியால் குத்திக்கொண்டிருந்ததை ஹால்வாரே பார்த்திருக்கிறான். அதோடு தம்பியை உள்ளே போகவிடாமல் அடித்திருக்கிறார்.

"எல்லாம் பொருந்துதே," என்றார் ஓட்வார் வருத்தமாக.

"வேற என்ன பண்ணினார் அன்னைக்கு?" என்று தூரிட் கேட்டார்.

"வேறயா? மீனெண்ணெய் கேட்டார்."

"காலையிலயா?"

"காலையில எல்லாருக்கும் ஒரு கரண்டி, அது வழக்கம். அன்னைக்கு மத்தியானம் ஆரம்பிச்சார். 'மீனெண்ணெய், மீனெண்ணெய்'னு. குடுத்தேன். முழுங்கினார். திரும்பவும் அதையே சொன்னார். திரும்பக் குடுத்தேன். மொத்தம் நாலு கரண்டி. நாலாவதைத் தட்டிவிட்டார், தரையெல்லாம் போச்சு." அவள் தலை குனிந்தாள். "நான் கத்திட்டேன் தூரிட். 'என்னதான் வேணும் உங்களுக்கு'ன்னு கத்திட்டேன். அப்புறம் அவர் ஒண்ணும் கேக்கல."

தூரிட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

வீட்டின் பின்பாதி கருகிய விலா எலும்புகளைப்போல நின்றது. முன்பாதியில் சுவர்க் காகிதம்கூடச் சுருங்கவில்லை. வெளியேறும்போது இங்குன் சாத்திய ஒற்றைக் கதவுதான் இரண்டுக்கும் நடுவே நின்றிருந்தது. அதன் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளைப் பெயின்ட். ஓட்வார் அந்தக் கதவை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

நடைக்கூடம் பழைய காலத்து வீடுகளுக்கே உரிய தாழ்ந்த கூரை கொண்டது. தூரிட் தலையைப் பின்னால் சாய்த்து அங்கிருந்த அலாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றி வெள்ளைக் கூரையில் எட்டோ ஒன்பதோ கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தின் அளவு.

"புகைக் கரி," என்றார் ஓட்வார்.

தூரிட் ஸ்டூலில் ஏறி ஒரு வட்டத்தை விரலால் தேய்த்து, விரலை ஓட்வாரிடம் நீட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

"கரின்னா ஒட்டும். முப்பது வருஷமா அதோடதானே குடித்தனம் பண்றேன்," என்றார்.

வெளியே விறகுக்குப் பக்கத்தில் ஹால்வார் நின்றிருந்தான். மூன்று நாள் தாடி. இடது முழங்கைக்கு மேல் நீலமாக வீங்கியிருந்தது.

"எதுக்கு இதையெல்லாம் தோண்டறீங்க?" என்றான். "எனக்கு மட்டும் ஆசையா? என் அண்ணன். ஆனா சிக்னே மாடியில இருந்தா தூரிட். என் பொண்ணு மேல இருந்தா. அவனைப் பூட்டி வெக்கிற இடத்துல விடறதைத் தவிர எனக்கு வேற என்ன வழி இருக்கு?"

"சனிக்கிழமை நீ என்ன வேலை பண்ணிட்டிருந்தே?"

"ஈஸ்டருக்கு ஆளுங்க வர்றாங்கன்னு புதுசா சாப்பாட்டு மேசை செஞ்சேன். காலையில கண்ணாடி ரூம்ல வெச்சு எண்ணெய் போட்டு முடிச்சேன். பன்னெண்டு மணிக்கு எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வெச்சுட்டு, மேசைக்கு முட்டுக் குடுத்த மரக்குதிரை ரெண்டையும் அலமாரிக் கதவுல சாத்திட்டு வெளிய வந்தேன். மேசையும் போச்சு."

விறகடுக்கின்மேல் பாதி காலியான ஒரு தகர டப்பா இருந்தது. தூரிட் அதை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் சின்னச் சிவப்பு எழுத்துகளில் ஏதோ அச்சிட்டிருந்தது. அதை நிதானமாக, இரண்டு தடவை படித்தார். பிறகு டப்பாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குடும்பம் இப்போது ஒண்டியிருந்தது பக்கத்து வீட்டு போடிலிடம். கணவரை இழந்தவர், பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். தூரிட் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: அலாரம் எப்படிக் கத்தியது?

"ரெண்டு தடவை கத்திச்சு," என்றார் போடில் தயங்காமல். "முதல் தடவை விட்டு விட்டு. கத்தும், நிக்கும், கத்தும், நிக்கும். அப்புறம் நீளமா ஒண்ணு. அப்புறம் அமைதி. ரெண்டாவது, நெருப்பு தெரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அது நிக்கவே இல்ல, உருகிப் போற வரைக்கும்."

திரும்பும் வழியில் ஓட்வார் தாங்கமாட்டாமல் கேட்டார். "எனக்கு ஒருத்தி மேல சந்தேகம். சொல்லட்டா?"

"சொல்லு."

"இங்குன். பயிற்சி குடுத்தது அவ. பை அவ கையில. நம்மகிட்ட வந்ததும் அவ. எப்பவும் முதல்ல வந்து அழறவங்கதான்..."

"எத்தனாவது நாவல்ல?"

"மூணாவதுல," என்று முணுமுணுத்தார் ஓட்வார்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் போடிலின் முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். இன்ஷூரன்ஸ்காரர் தாள்களை மடியில் அடுக்கிவைத்திருந்தார். ஹால்வார் ஜன்னலோரம். இங்குன் பக்கத்தில் பதினொரு வயது சிக்னே. ஐலர்ட்டின் நாற்காலி மூலையில் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று அப்படிப் போடவில்லை. வைக்க இடமிருந்த இடத்தில் வைத்திருந்தார்கள். தூரிட் முதல் வேலையாக அந்த நாற்காலியைத் திருப்பி, மற்றவர்களின் நடுவே கொண்டுவந்தார்.

"ஒரு அலாரம் புகையால கத்த ஆரம்பிச்சா, புகை கூடக்கூட எப்படி நிக்கும்?" என்று அவர் இன்ஷூரன்ஸ்காரரைக் கேட்டார். "நிக்காது. முதல் தடவை அது புகைக்காகக் கத்தல. யாரோ சோதனைப் பொத்தானை அமுக்கியிருக்காங்க. அமுக்கினா கத்தும், விட்டா நிக்கும். நடைக்கூடத்துக் கூரையில இருக்கிற வட்டமெல்லாம் கைத்தடியோட ரப்பர் முனை. எட்டுத் தடவைக்கு மேல குறி தப்பியிருக்கு, ஏன்னா அது இடது கை. பழக்கமில்லாத கை."

எல்லோர் கண்ணும் ஐலர்ட்டிடம் போயின.

"அப்படின்னா நான் சொன்னதுதானே?" என்றார் இன்ஷூரன்ஸ்காரர். "நெருப்பு வரப்போகுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்," என்றார் தூரிட்.

இங்குன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹால்வார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு. அலமாரிக் கதவுல ரெண்டு மரக்குதிரை சாத்தியிருந்துச்சு. ஹால்வாரே சொன்னது. ஒரு கையில தடியை ஊணிக்கிட்டு நிக்கிற மனுஷன், அதை நகர்த்தி, கதவைத் திறந்து, தீக்குச்சி கிழிச்சு, திரும்ப மூடி, திரும்ப சாத்தி வெச்சாரா? எந்தக் கையால? மத்தியானம் முழுக்க அந்தக் கதவைக் குத்தினாருன்னு சொல்றீங்க. உள்ள போக முடிஞ்சவர் எதுக்குக் குத்தணும்?" தூரிட் சுற்றிலும் பார்த்தார். "சனிக்கிழமைக்கு அப்புறம் இத்தனை பேர் கேள்வி கேட்டிருக்கீங்க. இவரை யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவனுக்கு ஒண்ணும் புரியாது," என்றான் ஹால்வார்.

தூரிட் பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து ஐலர்ட்டின் முன் மேசையில் வைத்தார்: மீனெண்ணெய்ப் பாட்டில், தீப்பெட்டி, அந்தத் தகர டப்பா. பிறகு அவர் எதிரே குனிந்து உட்கார்ந்தார்.

"ஐலர்ட், சனிக்கிழமை மத்தியானம் இங்குன்கிட்ட என்னமோ சொன்னீங்களே. அது இதுல எது?"

ஐலர்ட்டின் இடது கை எழுந்தது. மீனெண்ணெய்ப் பாட்டிலைத் தள்ளிவிட்டது. தீப்பெட்டியைத் தொடவே இல்லை. டப்பாவின்மேல் போய் அழுந்தி நின்றது.

"மீனெண்ணெய்," என்றார்.

ஓட்வார் டப்பாவின் பெயரை உரக்கப் படித்தார். "ஆளிவிதை எண்ணெய்." பிறகு திருப்பிச் சிவப்பு எழுத்துகளைப் படித்தார், படிக்கப் படிக்க அவர் குரல் சுருங்கியது. "இந்த எண்ணெயில் நனைந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவைக்கவும், அல்லது வெளியே விரித்துக் காயவிடவும்..."

"ஹால்வார்," என்றார் தூரிட் மெதுவாக. "மேசையைத் துடைச்ச துணியெல்லாம் எங்க வெச்சே?"

ஹால்வாரின் உதடுகள் அசைந்தன. "பிளாஸ்டிக் வாளியில. சுருட்டிப் போட்டேன். அலமாரிக்குள்ள... பழைய பேப்பர் மேல." அவன் ஜன்னல் கட்டையைப் பிடித்தான். "நான் எதுவும் பத்த வெக்கலையே. வெறும் துணிதானே அது."

"யாரும் பத்த வெக்க வேண்டாம். நாலு மணி நேரம் போதும். நாற்பது வருஷம் அந்த எண்ணெயோட பொழைச்சவருக்கு, நீ அதைச் சுருட்டும்போதே தெரிஞ்சிருக்கு. கதவைத் திறக்கப் பார்த்தார், முடியல. வாயால சொன்னார். எண்ணெய்ங்கிறது வந்துச்சு, எந்த எண்ணெய்ங்கிறது தப்பா வந்துச்சு."

"நான் கரண்டியில ஊட்டினேன்," என்றாள் இங்குன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "வீடு எரியப் போகுதுன்னு அவர் கதறினார். நான் வாயில ஊட்டினேன். நாலு தடவை. திட்டிக்கிட்டே."

"நாலு மணிக்கு வாடை மாறியிருக்கும்," என்று தூரிட் தொடர்ந்தார். "காலையிலேர்ந்து வீடு முழுக்க எண்ணெய் வாடை, உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரியும். இனி சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னும் தெரியும். அந்த வீட்ல எல்லாரும் கேள்வி கேக்காம கீழ்ப்படியற குரல் ஒண்ணே ஒண்ணுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை இங்குன் துடைப்பக் கட்டையால அந்தப் பொத்தானை அமுக்கறதை அவர் பார்த்துட்டே இருந்திருக்கார். சுவரைப் பிடிச்சு நடைக்கூடம் வரைக்கும் போய், குறி தப்பத் தப்பக் குத்தியிருக்கார். நீ திரும்பி உள்ள போகப் பார்த்தப்போ அவர்கிட்ட உன்னைத் தடுக்க வார்த்தை இல்ல, ஹால்வார். தடிதான் இருந்துச்சு."

இன்ஷூரன்ஸ்காரர் மடியிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தார். போடில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். ஏழு நாவல் படித்த ஓட்வார் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் சிக்னே பேசினாள். சின்னக் குரலில், யாரையும் குற்றம் சொல்லும் எண்ணமில்லாமல்.

"அப்பா, அப்படின்னா பெரியப்பாவுக்கு எல்லாமே புரியுமா? நாம சாப்பிடும்போது பேசறதெல்லாம்?"

அவள் ஐலர்ட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு சொன்னீங்களே. இப்படி இருக்கறதுக்கு அப்பவே போயிருக்கலாம்னு. அதுவுமா?"

இங்குன் கண்ணை மூடிக்கொண்டாள். ஹால்வார் அண்ணனைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் அவன் அந்த முகத்தை நேராகப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று பின்னால் தூரிட்டிடம் சொன்னான். அந்த முகத்தில் கோபம் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதன் அங்கே இருந்தான். ஹால்வார் கதவைத் திறந்துகொண்டு கோட்டில்லாமல் மழைக்குள் போனான். ஓட்வார் பின்னாலேயே போகக் கிளம்பினார். தூரிட் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இங்குன் ஒரு நாற்காலியை இழுத்து ஐலர்ட்டின் எதிரே, முழங்காலோடு முழங்கால் தொட உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "என்ன வேணாலும். தப்பாவே வரட்டும். நான் கண்டுபிடிக்கறேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

ஐலர்ட்டின் நெற்றி சுருங்கியது. வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"நாய்," என்றார். இல்லை என்று தானே தலையாட்டினார்.

"சரி, நாய் இல்ல. அப்புறம்?"

"ஏணி." மறுபடி தலையாட்டினார். கண்ணில் நீர் முட்டியது. சிக்னே ஓடிப்போய்ப் பென்சிலும் தாளும் கொண்டுவந்தாள். அவர் அதை ஒதுக்கினார். பென்சிலால் அல்ல, வாயால் சொல்ல வேண்டியது அது போலிருக்கிறது.

கதவு திறந்தது. மழையில் நனைந்த ஹால்வார் நிலைப்படியிலேயே நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாதவனைப்போல நின்றான்.

ஐலர்ட் அவனைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, எங்கோ ஆழத்திலிருந்து ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி," என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை அவர் இல்லை என்று தலையாட்டவில்லை.